ஊர் மந்தையைப் பூங்காவாக்கும் முன்

கேள்வி: திருப்பாலை அருகே, பழைய ஊரை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். புதர் மண்டிக் கிடக்கும் ஊர் மந்தையை, அதாவது ஊரின் பொதுத் திடலை, சீரமைக்க எங்கள் நலச்சங்கம் விரும்புகிறது. புல்தரை, பேவர் பிளாக் நடைபாதை, கம்பி வேலி, பூட்டும் கதவு என வரைபடமும் தயார். பழைய குடும்பத்தினரோ, பொங்கல் வைக்கவும் முளைப்பாரி எடுக்கவும் இடமில்லாமல் போய்விடும் என்கிறார்கள். எப்படி அமைப்பது?

பதில்: திருப்பாலையும் கண்ணனேந்தலும் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தவை. புது நத்தம் சாலையில் 2023-இல் பறக்கும் பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்ட பின், அப்பகுதியின் மனை விலை எப்படி ஏறியது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விலை ஏறும் இடத்தில் பூங்கா வந்தால் விலை மேலும் ஏறும். வாடகைக்கு இருப்போர் முதலில் வெளியேறுவர். நியூயார்க்கின் பழைய சரக்கு ரயில் பாதை மீது 2009-இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவைச் சுற்றி நடந்தது இதுவே. வரைபடத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. ஆனால் பழைய குடிகளுக்கு அந்த இடத்தில் உள்ள பிடிமானத்தை வரைபடமே அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், நிலம் எந்த வகை என்பதைக் குறிக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டைப் பாருங்கள். அந்த நிலம் மந்தைப் புறம்போக்கு என்றிருந்தால், அதற்கு வேலியிடும் உரிமை உங்கள் சங்கத்துக்குக் கிடையாது. ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2011-இலேயே வலியுறுத்தியிருக்கிறது.

அடுத்தது தரை, என் பார்வையில் மொத்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. முளைப்பாரி சுமந்து வரும் பெண்கள் செருப்பு அணிவதில்லை என்பதால், வெயிலில் காய்ந்த பேவர் பிளாக்கில் கும்மி கொட்டி ஆட முடியாது. மூன்று கல் வைத்து விறகு மூட்டினால் சூட்டில் தரையில் பதித்த பேவர் கல் விரிசல் விடும். பந்தல்கால் ஊன்ற ஒவ்வோர் ஆண்டும் கற்களைப் பெயர்த்தாக வேண்டும், பெயர்த்தவை பழைய மட்டத்தில் திரும்ப அமர்வதும் அரிது. ஆகவே நடுத் திடலைக் கிராவல் கலந்து இறுக்கிய மண்தரையாகவே விட்டுவிட்டு, மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சிறு சரிவு மட்டும் கொடுங்கள். நடைபாதை விளிம்பில் வளைந்து செல்லட்டும். புல்தரையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மதுரைக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் கேட்கும், 200 சதுர மீட்டருக்கே தினமும் 1,000 லிட்டர் ஆகிவிடும்.

பழைய வேப்ப மரங்கள், அரச மரங்களின் அடியைச் சுற்றிலும் குறைந்தது 1 மீட்டர் தூரத்துக்குச் சிமெண்ட் படக்கூடாது. டெல்லியில் மரங்களைச் சுற்றிப் பூசிய சிமெண்ட்டை அகற்ற 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை ஒப்பந்ததாரரிடம் எடுத்துக் காட்டலாம். புதிதாக நடுவதற்குப் புங்கன், பூவரசு, இலுப்பை போதும்.

வேலிக்குப் பதிலாக, முக்கால் முழம் முதல் ஒரு முழ உயரத்தில் திண்ணை போன்ற சுவர் கட்டுங்கள்; வண்டிகள் உள்ளே வராது, ஆட்கள் உட்காரலாம். ஓரத்தில் பருத்திப்பால் வண்டியோ இட்லிக் கடையோ இருந்தால் அதன் இடத்தையும் வரைபடத்திலேயே குறியுங்கள். இடம் ஒதுக்குவதில் வியாபாரிகளின் குரலும் வேண்டும் என்பதால்தான் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், இவற்றைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழு உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. திடலை அடைத்துவிட்டுச் சுவரில் ஜல்லிக்கட்டுக் காளையை வரைந்து பண்பாட்டைக் காத்துவிட்டதாகச் சொல்லும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. அந்தப் பணத்தில் ஒரு குடிநீர்க் குழாய் போடலாம்.

ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் தரையில் கோடிட்டு, பூசாரியையும் முளைப்பாரி எடுக்கும் பெண்களையும் அழைத்துச் சுற்றி நடந்துபார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோடு எதை மறிக்கிறது என்பதை அவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதன்படி திருத்திய வரைபடத்தை உங்கள் வார்டில் வாக்காளர்கள் கூடும் பகுதி சபையில் வைத்துத் தீர்மானமாக்கிய பிறகு மாநகராட்சிக்கு அனுப்புங்கள்.