கடங்கி ரேடாரில் காற்று கீழேயே இறங்குவதாகத் தெரிந்தால்

கொடைக்கானல் நண்பருக்கு,

திருப்பதி அருகே கடங்கியில் உள்ள, மேல்வளிமண்டலக் காற்றை அளக்கும் எம்.எஸ்.டி. ரேடாரின் ஜூலை மாதத் தரவில், 16 கி.மீ. உயரத்தில் காற்று மணிக்கணக்கில் நொடிக்கு 30 செ.மீ. இறங்குவதாக வருகிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். உண்மையான சராசரி சில செ.மீ.க்குள்தான் இருக்கும். மழைக்காலத்தில் அந்த உயரத்தில் கீழைக்காற்று (கிழக்கிலிருந்து வரும் காற்று) நொடிக்கு 40 மீட்டர் வரை வீசும். ரேடார் அலையை எதிரொலிக்கும் காற்றடுக்கு அரை டிகிரி சாய்ந்தாலே போதும், அதில் 35 செ.மீ. செங்குத்து வேகமாக வேடம் போட்டு வந்துவிடும்.

கிழக்கிலும் மேற்கிலும் 10 டிகிரி சாய்த்து அனுப்பும் கற்றைகளின் ஆர வேகங்களை (கற்றையின் திசையில் அளந்த வேகங்களை) கூட்டி, 10 டிகிரி கோசைனின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். கிடைமட்டக் காற்று அடிபட்டுப் போய், செங்குத்து வேகம் மட்டும் மிஞ்சும். விடை சிறிதாக வந்தால் சாய்வுதான் காரணம்.

ஈர்ப்பலைதான் (காற்று மேலும் கீழுமாக அசையும் அலை) வேண்டுமென்றால் சராசரியைக் கழித்துவிட்டு ஏற்ற இறக்கத்தை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் பழனி மலைபோன்ற இடங்களில் மலையலை (மலைமேல் காற்று ஏறி இறங்குவதால் எழும் ஈர்ப்பலை) ஓரிடத்திலேயே நிற்கும், கழித்தால் அதுவும் போய்விடும்.