போதகரின் புத்தக அலமாரி: ஒரு கடிதமும் பதிலும்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். தாங்கள் படித்த நூல்களைப் பற்றி எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலையும் திருவாசகத்தையும் தாங்கள் புகழ்ந்திருந்தது எனக்கு நெருடலாக இருக்கிறது. எபேசுவில் விசுவாசிகளானவர்கள் தங்கள் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் படிக்கிறோமே, ஒரு போதகருக்கு வேதம் ஒன்றே போதாதா? தேசிய சேவையில் (கட்டாய இராணுவப் பணியில்) இருக்கும் என் மகன் தங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு அந்த நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படிக்கிறான். குழந்தைகள் துன்பப்படுவதைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை; பயமாக இருக்கிறது.

ஒரு சகோதரி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். எபேசுவில் எரிக்கப்பட்டவை மாயவித்தை நூல்கள். அவற்றை வைத்துப் பிழைத்தவர்களே தங்கள் கையால் அவற்றை எரித்தார்கள். அதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்பாக, அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்ற பவுல், “உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்” என்கிறார். அது கிரேக்கக் கவிஞர் அராத்து தம் மக்கள் வணங்கிய சேயுஸ் தெய்வத்தைப் பாடிய வரி. அந்தப் புலவரைப் படித்திருந்ததால்தான் பவுலால் அந்த மக்களிடம் அவர்களுடைய சொல்லிலேயே பேச முடிந்தது.

இரட்சிப்புக்கு வேதம் போதும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்த வேதத்தை ஏந்திக்கொண்டு, நொறுங்கிப்போன ஒருவரின் முன்னால் போய் நிற்கிற ஊழியனுக்கு, வாயைத் திறப்பதற்கு முன் செவிகொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை எனக்குக் கற்றுத்தந்த புத்தகங்களில் உங்கள் மகன் கையில் இருக்கும் நாவலுக்கே முதலிடம் தருவேன்.

1878ஆம் ஆண்டு மே மாதத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் மகன் அல்யோஷா மூன்று வயது நிறைவதற்குள் இறந்துபோனான். துயரத்தோடு அவர் ஓப்தினா மடத்துக்குச் சென்று அங்கிருந்த மூத்த துறவியைச் சந்தித்துத் திரும்பினார். 1880இல் எழுதி முடித்த இந்த நாவலின் இரண்டாம் பகுதியில், தன் மூன்று வயது மகனைப் பறிகொடுத்த ஓர் ஏழைப் பெண் சோசிமா என்ற துறவியிடம் வருகிறாள். குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறான், ஆகவே களிகூரு என்ற பொருளில் அவர் முதலில் ஒரு பழங்கதையைச் சொல்கிறார். என் கணவரும் இதையேதான் சொன்னார் என்கிறாள் அவள். அவன் கடவுளிடம் இருக்கலாம், ஆனால் எங்களோடு இல்லையே, அந்தப் பிஞ்சுக் கால்கள் தத்தித் தத்தி நடக்கும் ஓசையை ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்று கதறுகிறாள். சோசிமா அங்கே தம் பேச்சின் திசையையே மாற்றிக்கொள்கிறார்: நீ தன் பிள்ளைகளுக்காக அழுத ராகேல், உனக்கு ஆறுதல் வேண்டாம், அழு என்கிறார். பிறகு இறந்த பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

இந்த ஊரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் தாயிடம், வருகிறவர்கள் ஒருவர் தவறாமல் “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். தன் பிள்ளைகளை இழந்த யோபு தன்னைக் குறித்துத் தானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அவனுடைய சிநேகிதர்கள்கூட ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான், “நிதானமானதைப் பேசவில்லை” என்று கர்த்தர் அவர்கள்மேல் கோபம்கொள்ளும்படி ஆயிற்று. சோசிமாவைப் படித்த பிறகு, துக்க வீடுகளில் இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டுமே முதலில் கேட்கிறேன்.

உங்கள் மகன் கேட்ட கேள்வி நாவலின் ஐந்தாம் பகுதியில், ‘கலகம்’ என்ற அத்தியாயத்தில் வருகிறது. ஒரு சிறுவனைத் தாயின் கண்ணெதிரே வேட்டைநாய்களுக்கு இரையாக்கிய தளபதியின் கதையைக் கரமசோவ் சகோதரர்களில் ஒருவனான இவான் சொல்லி, அந்தத் தளபதியை என்ன செய்வது என்று தன் தம்பி அல்யோஷாவிடம் கேட்கிறான். மடத்தில் பயிலும் சாந்தமான அந்தத் தம்பியின் வாயிலிருந்தே ‘சுட வேண்டும்’ என்ற சொல் வந்துவிடுகிறது. ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசியான ஆசிரியர், விசுவாசத்துக்கு எதிரான வழக்கை இவ்வளவு வலுவாக எழுதியதில் நான் பெரிய நேர்மையைக் காண்கிறேன். மேலும், வாதம் தொடங்கும் முன்பே ஒரு தாயின் அழுகைக்கு அவர் இடம் கொடுத்துவிட்டதைக் கவனியுங்கள். இந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம் சகோதரி. “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே” என்று ஆபகூக் தீர்க்கதரிசி முறையிட்டது நம்முடைய வேதத்துக்குள்ளேயே இருக்கிறது.

திருவாசகத்தைக் குறித்தும் கேட்டீர்கள். சாயர்புரத்தில் மிஷனரியாக ஊழியம் செய்த ஜி.யு. போப் 1900ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதில், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். பிற சமய நூல்களைக் குறித்த இந்தத் தயக்கம் அவர் காலத்துக்கும் முந்தியது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழர் வணங்கும் தெய்வங்களைக் குறித்து 1713இல் எழுதிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் அச்சிட விரும்பவில்லை, அது 1867இல்தான் அச்சேறியது. நம்மவர்களில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துப் பாருங்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பழைய படிப்பையெல்லாம் விட்டுவிடும்படி யாராவது அவரிடம் சொல்லி அவரும் இணங்கியிருந்தால், ஆங்கில எழுத்தாளர் பன்யனின் கதையைத் தழுவி 1894இல் அவர் தந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியம் தமிழ்ச் சபைக்குக் கிடைத்திருக்காது.

எல்லா நூலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆதிச் சபையின் ஆயரான அகஸ்டின் தம் பத்தொன்பதாம் வயதில் படித்த, ரோம அறிஞர் சிசரோவின் நூல் ஒன்று தம்முடைய ஜெபங்களையே கடவுள் பக்கம் திருப்பிவிட்டது என்று நன்றியோடு எழுதுகிறார். அதில் கிறிஸ்துவின் நாமம் இல்லாதது தமக்குக் குறையாகப் பட்டதையும் அதே இடத்தில் சொல்கிறார். மாணிக்கவாசகரைப் படிக்கையில் எனக்கும் இந்த இரண்டும் நேர்கின்றன. அவருடைய உருக்கத்தின் முன் என் ஜெபத்தின் வறட்சி தெரிகிறது. அவர் பாடும் இறைவனும் நான் அறிவிக்கும் கிறிஸ்துவும் ஒன்றே என்று சமரசம் பேச என்னால் இயலவில்லை.

உங்கள் மகனிடம் நாவலைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இவானுடைய வாதத்துக்கு முன் அல்யோஷா கிறிஸ்துவைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடுகிறான். பிறகு நோயில் கிடக்கும் இலியூஷா என்ற சிறுவனின் படுக்கையருகே, அவனோடு பகைத்த பள்ளித் தோழர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்து வருகிறான். அந்தச் சிறுவனை அடக்கம் செய்த நாளில், நாம் எல்லாரும் உயிர்த்தெழுந்து மறுபடியும் சந்திப்போமா என்று பிள்ளைகள் கேட்பதும், அவன் தரும் பதிலும் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. அங்கே வரும்வரை உங்கள் மகன் படிக்கட்டும். வார இறுதியில் முகாமிலிருந்து அவர் வீட்டுக்கு வரும்போது, இவான் சொல்வதை முழுவதும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, இடைமறிக்காமல் கேளுங்கள். விருப்பமிருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் என்னை வந்து பாருங்கள். நாவலையும் கையோடு எடுத்து வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் போதகர்