மஞ்சள் சளி வந்தால் ஆன்டிபயாடிக் போடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. வேறு நோய் எதுவும் இல்லை. ஐந்து நாளாக ஜலதோஷம். முதலில் தண்ணீராக ஒழுகிய மூக்கில் இப்போது மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிச் சளி. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது. ‘சளி பழுத்துடுச்சு’ என்று மெடிக்கல் கடையில் மூன்று அசித்ரோமைசின் மாத்திரை கொடுத்தார்கள். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பச்சை கிருமியின் நிறமே இல்லை. உங்கள் சொந்த வெள்ளணுக்களின் நிறம்.

ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ். அதில் மட்டும் 160 வகைக்கு மேல் இருக்கின்றன; அதனால்தான் வருஷா வருஷம் பிடிக்கிறது. வைரஸ் மூக்கின் உட்சவ்வில் நுழைந்ததும், மாட்டிக்கொண்ட செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை விட்டுப் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. மூக்கு ஒழுகுவது, அடைப்பது, காய்ச்சல், உடம்புவலி எல்லாமே பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்பு வேலைதான்.

அடுத்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றிடம் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியில் இரும்பு இருக்கிறது. அதனால் அது இயல்பிலேயே பச்சை. கிருமியைக் கொல்ல அது தயாரிப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிடைக்கிற அதே சரக்கு! நியூட்ரோஃபில்கள் சாகும்போது இந்த நொதி சளியில் கலந்துவிடும். கொஞ்சம் கலந்தால் மஞ்சள், நிறையக் கலந்தால் பச்சை. ராத்திரி தேங்கி நின்றதால் காலையில் முதலில் சிந்துவது இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

வைரஸ் வந்தாலும் நியூட்ரோஃபில் வரும், பாக்டீரியா வந்தாலும் வரும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எது என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டர் உட்பட.

அசித்ரோமைசின், பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை முடக்கும் மருந்து. வைரஸிடம் முடக்குவதற்கு அப்படி ஒன்று கிடையாது. அது நம் செல்லின் கருவிகளை வைத்தே பிழைக்கிறது. மாத்திரையால் உங்களுக்கு வயிற்றுப்போக்கு வரலாம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில், வந்த வைரஸையே குறிவைத்துத் தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களும் களத்துக்கு வருவதால், ஏழு முதல் பத்து நாளில் ஜலதோஷம் தானாகவே அடங்கும். ஐந்தாம் நாள் மாத்திரை போட்டு எட்டாம் நாள் சரியானால் நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. கடைக்காரரும் அதை நம்பித்தான் கொடுக்கிறார்.

இப்போதைக்கு உப்புநீர் கொப்பளியுங்கள், தூங்குங்கள். உடம்புவலி இருந்தால் பாராசிட்டமால் போதும். ஆவி பிடித்தால் சுகமாக இருக்கும், வைரஸ் சாகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வெந்நீர்ப் பாத்திரம் ஜாக்கிரதை.

நிறத்தை விட்டுவிட்டு நாள்கணக்கைப் பாருங்கள். பத்து நாளாகியும் குறையவே இல்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சலோடு மறுபடி ஏறுகிறது என்றால் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம், டாக்டரிடம் போங்கள். மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

ஜலதோஷம் போன பிறகும் வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சகஜம். ஆனாலும் நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அங்கே அது இலவசம்.