‘90 சதவீதம் முடிந்தது’ என்றால்

டர்பன் கிடங்கில் புது இஆர்பி (கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) போடும் ஆலோசகர்கள் மாதாமாதம் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று சொல்லி, மணிக்கு இவ்வளவு என்று பில் அனுப்புகிறார்கள் என்றீர்கள். அந்தச் சதவீதத்தை விட்டுத்தள்ளுங்கள், நண்பரே. உங்கள் கணக்காளரையே உட்கார வைத்து, போன மாதத்து நிஜ இன்வாய்ஸ் ஒன்றைப் புது மென்பொருளில் போடச் சொல்லுங்கள். 15 சதவீத வாட் சரியாக விழுகிறதா, சரக்கு இருப்பு குறைகிறதா, பாதிச் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் கழிக்கும் சீட்டு) வருகிறதா? அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கட்டத்துக்குப் பணம்.

அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கட்டும். பேச வரும்போது சீனியர், வேலைக்குப் புதுப் பையன் என்பது இந்தத் தொழிலில் சகஜம். யார் வருவார் என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்புறம், வாடிக்கையாளர் விவரம் அவர்கள் கைக்குப் போகிறதல்லவா? தகவல் பாதுகாப்புக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பொப்பியாவே சொல்கிறது.