எந்த இடத்தில் கடிக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "புது ஷூ கடிக்கிறது, என்ன செய்ய?" எந்த இடத்தில் கடிக்கிறது என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர். பட்டறையில் என்னிடம் ஷூவைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான். குதிகாலில் கடித்தால் ஒரு வைத்தியம், சுண்டுவிரலில் கடித்தால் வேறு வைத்தியம். விரல் நுனி முன்னால் போய் முட்டினால் வைத்தியமே கிடையாது. அதனால் இடத்தைச் சொல்லி எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அலுவலகத்துக்காக லேஸ் வைத்த தோல் ஷூ வாங்கினேன். வாங்கும்போது சரியாகத்தான் இருந்தது. இப்போது மதியத்துக்குள் குதிகாலின் பின்புறம் தோல் உரிந்துவிடுகிறது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஷூ இளகும், அது உண்மை. ஆனால் அதுவரை உங்கள் குதிகால் ஏன் புண்ணாக வேண்டும்? முதலில் ஒன்றைச் சோதியுங்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு பத்தடி நடங்கள், வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழும்பி இறங்குகிறதா? அப்படியென்றால் ஷூ இறுக்கமாக இல்லை, தொளதொளவென்று இருக்கிறது. கடிக்கிறது என்றதும் இறுக்கம் என்று நினைத்து எல்லோரும் ஷூவை விரிக்கப் பார்க்கிறார்கள். இந்த நிலைமையில் விரித்தால் கடி இன்னும் கூடும்.

காரணம் இதுதான். வியர்த்த தோல் சாக்ஸோடும் ஷூவோடும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் தோலின் அடுக்குகள் இங்கும் அங்கும் இழுபட்டுப் பிரியும். பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது, அதுதான் கொப்புளம். ஆகவே வேலை இரண்டு: குதிகாலை நகராமல் பிடிக்க வேண்டும், ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

பிடிப்பதற்குச் சுலபமான வழி ஷூவின் நாக்கில் இருக்கிறது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உட்புறத்தில் ஒட்டுகிற மாதிரி மெல்லிய பஞ்சுத் துண்டு விற்கிறார்கள். அதை ஒட்டினால் பாதம் முழுவதும் ஒரு நூல் பின்னால் தள்ளி, குதிகால் தன் குழியில் போய் உட்காரும். குதிகால் பக்கமே ஒட்டும் பட்டையை விட இது எனக்குப் பிடிக்கும். பின்னால் ஒட்டுகிற பட்டை சில சமயம் காலை முன்னால் தள்ளி விரல்களை நெருக்கிவிடும். ஓட்டத்துக்கான ஷூ என்றால் மேலே கடைசியில் கொஞ்சம் தள்ளி ஒரு கூடுதல் துளை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளையில் நுழைத்து ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் விட்ட பிறகு, லேஸின் நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் கொடுத்து இழுத்துக் கட்டுங்கள். கணுக்காலுக்குக் கீழே ஷூ கவ்விப் பிடிப்பது அப்போதே தெரியும்.

சரி, குதிகால் எழும்பவே இல்லை, ஆனாலும் உரிகிறது என்றால்? உள்ளே விரலை விட்டு மேல் விளிம்பை மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முண்டு விரலுக்குத் தெரியும். தையல் முடிச்சாக இருக்கலாம், தோல் மடிந்த இடமாக இருக்கலாம். பெரும்பாலும் குதிகால் சுவருக்குள் வைத்துத் தைக்கும் கெட்டி அட்டையின் மேல் விளிம்பாக இருக்கும். அந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றி, கரண்டியின் குழிந்த பக்கத்தைத் திருப்பி, புடைத்த முதுகால் உள்ளிருந்து வெளியே அழுத்தி உருட்டுங்கள். கட்டைவிரலை வெளியே அணைவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விறைப்பாக எதிர்க்கும். கொஞ்ச நேரத்தில் 'சரி, போகிறேன்' என்பது போல் வளையும். அங்கே நிறுத்திவிடுங்கள். அட்டையை ஒடித்துவிட்டால் ஷூவின் பின்பக்கம் குழைந்துபோகும், அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது.

இப்படி ஷூவைச் சரிசெய்துகொண்டிருக்கும் நாட்களில் குதிகாலில், புண் வருவதற்கு முன்பே, மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இந்த டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே கொப்புளம் வந்திருந்தால் குத்தி உடைக்காதீர்கள். தானாக உடைந்தாலும் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு வேறு இல்லை.

கேள்வி: நீளம் சரியாக இருக்கிறது. சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் மூட்டுப் பக்கமும்தான் நெருக்குகிறது. ஷூவை விரிக்க முடியுமா?

பதில்: முதலில் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, உருவி எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் நின்று பாருங்கள். கால் இரண்டு பக்கமும் ஒரு நூல் வழிந்தால் விரிக்கலாம். நிறைய வழிந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு வெட்டியதே இல்லை. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்ட முடியாது.

அடுத்தது, அது என்ன பொருள் என்று பாருங்கள். தோல் என்பது பின்னிப் பிணைந்த நார். ஈரம் பட்டால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அந்த நிலையில் இழுத்துப் பிடித்துக் காயவிட்டால் புதிய வடிவத்தில் நிற்கும். விரிப்பது என்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். ரெக்சினில் இது நடக்காது. சூட்டில் கொஞ்சம் குழையும், ஆறியதும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ரெக்சின் ஷூவில் பணத்தையும் காலையும் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தோல் என்றால் ஷூ ஸ்ட்ரெச்சர் என்ற மரக்கட்டை அச்சை வாங்கலாம். அதில் புடைப்பான குமிழ்களும் கூடவே கொடுப்பார்கள். பெருவிரல் மூட்டு எங்கே இடிக்கிறதோ, அச்சில் அதற்கு நேராக இருக்கும் துளையில் குமிழைப் பொருத்தினால், ஷூ முழுவதும் விரியாமல் அந்த இடம் மட்டும் இடம் கொடுக்கும். விரிப்பதற்கான ஸ்ப்ரேயை உள்பக்கம் அடித்து, தோல் விறைக்கும் வரை அச்சின் திருகாணியைத் திருகி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நாலில் ஒரு சுற்று, அதற்கு மறுநாள் இன்னொரு நாலில் ஒரு சுற்று. ஒரே மூச்சில் திருகினால் தையல் விடும். ஸ்ப்ரேயில் ஆல்கஹால் இருந்தால் சில தோலில் சாயம் போகும், அதனால் நாக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

நனைந்த தோலை அடுப்பருகிலோ வெயிலிலோ காய வைக்கவே கூடாது. சூட்டில் நார் சுருங்கி, ஷூ முன்பைவிடச் சிறியதாகவும் வறட்டி போல விறைப்பாகவும் ஆகிவிடும். நிழலில், உள்ளே காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் காய வையுங்கள்.

அப்புறம் நீளம். பலர் கேட்டிருக்கிறீர்கள். நீளத்தை விரிக்க முடியாது. அடிப்பகுதி விரியாது, முன்னாலும் பின்னாலும் கெட்டி அட்டை இருக்கிறது. அகலத்தில் கொஞ்சம் இடம் எடுக்கலாம், நீளத்தில் முடியாது. ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் கால் அங்குலத்துக்கு மேலே, மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணில் அது 6.7 மில்லிமீட்டர்தான். வாங்கும்போது நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். பலருக்கு நீளமான விரல் பெருவிரல் இல்லை, அடுத்த விரல்தான். மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள்.

கேள்வி: பையில் தண்ணீர் ஊற்றி ஷூவுக்குள் வைத்து ஃப்ரீசரில் வைத்தால் விரியும் என்கிறார்களே?

பதில்: விரியும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு என்று நம் கையில் இல்லை. பை ஓட்டையானால் ஷூ நாசம், அடிப்பக்கப் பசையும் விட்டுப்போகலாம். உங்களுக்குப் பிடித்த ஷூவில் வேண்டாம்.

கேள்வி: ஹீல்ஸ் போட்டு நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் எரிச்சல். அங்கே ஜெல் பேட் வைத்தும் குறையவில்லை.

பதில்: வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே பேட் வைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் வலிக்கிற எலும்புக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உயரம் சேர்கிறது. பேட் அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். அங்கே தாங்கினால்தான் முன்னால் இருக்கும் எலும்புகளிலிருந்து பாரம் இறங்கும்.

இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு வழி. பாதத்தில் மிக வலிக்கும் புள்ளியில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவிக்கொண்டு, ஷூவுக்குள் காலை விட்டு எழுந்து நின்று, காலை வெளியே எடுங்கள். உள்ளே சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். துளி வடிவப் பேடின் அகன்ற முன்விளிம்பு அந்தப் பொட்டுக்குப் பின்னால் வருகிற மாதிரி ஒட்டுங்கள். முதல் நாள் ஏதோ கல் இருப்பது போல் தோன்றினால் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

கால் முன்னால் சரியாமல் பிடிக்க, கணுக்காலில் வார் இருக்கும் ஜோடியாகப் பாருங்கள். குதியின் உயரம் குறையக் குறைய முன்பாதத்தில் இறங்கும் பாரமும் குறையும். மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் மின்சாரம் பாய்வது போலச் சுரீர் என்றாலோ மரத்துப்போனாலோ, பேடை நம்பி நாள் கடத்தாதீர்கள். அங்கே நரம்பு நசுங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. புது ஷூ சுண்டுவிரலில் உரசிச் சிவந்திருக்கிறது. "வலிக்கவே இல்லை, பழகிவிடும்" என்கிறார்.

பதில்: அம்மா, இன்றைக்கே அந்த ஷூவை எடுத்து வைத்துவிடுங்கள். வலிக்கவில்லை என்று அப்பா சொல்வதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட ஆறாமல் ஆழமாகப் போகும். மேலே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது. மற்றவர்கள் செய்வது போலப் போட்டுப் பழக்குவது, ஷூவை இளக்க ஹேர் டிரையரில் சூடு காட்டுவது, கால் ஆணிக்கு அமில பிளாஸ்டர் போடுவது, பிளேடால் சீவுவது எல்லாமே ஆபத்து.

சிவந்த இடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த ஷூ முதல் நாளே இதமாக இருக்க வேண்டும். விரல் பகுதி அகலமாக, உள்ளே தையல் மேடு இல்லாமல் பாருங்கள். முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, கழற்றியதும் பாதம் முழுக்க, விரலிடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுவது பழக்கமாகட்டும். உள்ளே கிடக்கும் கல்லை அவர் கால் சொல்லாது, உங்கள் கைதான் சொல்லும். வெளிர் நிறச் சாக்ஸ் வாங்கிக் கொடுங்கள், கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும்.

கேள்வி: பெரியவனின் பள்ளி ஷூ புதிது போலவே இருக்கிறது. சின்னவனுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே பெரியவனின் பாதம் பதிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளின் கால் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை, இறுக்கமான ஷூவில் சத்தமில்லாமல் ஒடுங்கிக்கொள்ளும், வலிக்கிறது என்று சொல்லாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிற்க வைத்து, முன்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் இரும்பு முனை பூட்ஸ் கட்டாயம். பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. முனையைத் தட்டி விரிக்கலாமா?

பதில்: தட்டவே கூடாது. அந்த இரும்பு மூடியின் வடிவம் கெட்டால் பாரம் விழும்போது அது காப்பாற்றாது. மூடி ஒரு நூலும் விரியாது என்பதால் அளவை மாற்றுவதுதான் வழி. வேலைக்குப் போடுகிற அதே தடிமனான சாக்ஸோடு, வேலை முடிந்த நேரத்தில் போட்டுப் பார்த்து, அகலமான அளவைக் கேட்டு வாங்குங்கள். குந்தி உட்கார்ந்தும் பாருங்கள், மூடியின் பின்விளிம்பு விரல் மூட்டில் வெட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இறக்கத்தில் நடக்கும்போது மட்டும் நகம் இடிக்கிறது என்றால், பூட்ஸை மாற்றும் முன் லேஸை மேல் பக்கம் இன்னும் இறுக்கிக் கட்டிப் பாருங்கள்.