கனடாவில் கேம் கன்சோல் வாங்குகிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்தா வாங்குகிறார்கள்?

கேட்டிருப்பது இதுதான்: ரீவியில் பூட்டி விளையாடுகிற கேம் கன்சோல்களில் கனடாவில் எதற்கு மவுசு அதிகம், அங்கே சனம் விளம்பரத்துக்கு மயங்கித்தான் வாங்குகிறதா?

இரண்டாவது பாதிக்கு முதலில் வருகிறேன், அதுதான் உறுத்தியது. ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் இருந்த ஒரு எலக்ட்ரோனிக்ஸ் கடையில், படிக்கிற காலத்தில் பகுதிநேரமாக கேம் பிரிவில் நின்றவன் நான். 2006 கிறிஸ்மஸ் நேரம் சேர்ந்தேன். "ரீவியில் காட்டினார்களே, அதில் ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வந்த ஒருவரையும் எனக்கு நினைவில்லை. வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வீட்டு வாசலில் வந்து விழும் ஃபிளையரை, அதுதான் கடைகளின் விலைத்தாளை, நாலாக மடித்து ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு வரும். விலையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். மற்ற வகை மகனைக் கூட்டிக்கொண்டு வரும். எது வேண்டும் என்பதை மகனின் வகுப்பு ஏற்கனவே முடிவு செய்திருக்கும், அப்பாவுக்குக் காசு கட்டுகிற வேலை மட்டும்தான்.

ஒரு கடையில் நின்றதை வைத்து நாட்டையே அளக்கிறான் என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். நான் புள்ளிவிவரம் சொல்ல வரவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நான் எந்தக் கம்பனியின் ஆளும் இல்லை. சோனிக்காரர், மைக்ரோசொஃப்ட்காரர், நின்டெண்டோக்காரர் எல்லாரும் சமமாகக் கோபப்படலாம்.

நான் சேர்ந்தபோது மூன்று கன்சோலும் களத்தில் நின்றன. மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் 360 ஒரு வருடம் முந்தி, 2005 நவம்பரிலேயே வந்துவிட்டது. 2006 நவம்பர் 17 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது, இரண்டு நாள் கழித்து நின்டெண்டோ வீ. பிளேஸ்டேஷனில் பெரிய மொடல் 660 டொலர், வீ 280 டொலர், இரண்டுக்கும் மேலே வரி. முதல் சில கிழமை இரண்டுமே கிடைக்கவில்லை. பனி கரைந்து வெயில் வருவதற்குள் பிளேஸ்டேஷன் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரியில் தூசி பிடிக்கத் தொடங்கிவிட்டது. வீ மட்டும் வந்த அன்றே போய்விடும். லொறியில் வந்து இறங்கினால் அதைத் தட்டில் வைக்கவே மாட்டோம். கவுண்டருக்குப் பின்னால் அடுக்கி, கடை திறக்கும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்போம். பின்னால் நின்றவர்களின் ஏச்சு எங்களுக்கு.

வீ-க்கு ரீவி விளம்பரம் வந்தது உண்மைதான். இரண்டு ஜப்பானியர்கள் ஒரு சின்னக் காரில் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, விளையாட வரச்சொல்லி ரிமோட்டை நீட்டுவார்கள். நல்ல விளம்பரம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தமிழ் ஆக்களிடம் வீயை விற்றது அந்த இரண்டு பேரும் இல்லை. யாரோ ஒருவரின் பிறந்தநாள், வீட்டின் பேஸ்மென்டில் ரீவியைச் சுற்றிச் சனம். ஒரு அம்மம்மா கதிரையில் இருந்தபடியே ரிமோட்டை வீசினா. திரையில் போலிங் பந்து உருண்டு பத்துக் கட்டையும் விழுந்தது. "இது நான்தானே விழுத்தினது?" என்று எல்லாரையும் திரும்பிப் பார்த்துக் கேட்டா. அங்கே நின்ற மாமாமார் அடுத்த கிழமை எனக்குப் போன் எடுத்து, "தம்பி, உன்ர கடையில ஒண்டு எடுத்து வைப்பியோ?" என்றார்கள். போலிங் கேம் கன்சோலோடு சேர்ந்தே வரும், தனியாக வாங்கத் தேவையில்லை என்று சொன்னதும் பேச்சு முடிந்தது.

எக்ஸ்பொக்ஸ் விசயம் வேறு. அது இங்கே ஊன்றியதற்கு ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் ஒரு காரணம், ஒரு வருடம் முந்தி வந்தது இன்னொரு காரணம். எங்கள் கடையில் நான் கண்ட காரணம் ஹொக்கி, இங்கே ஹொக்கி என்றால் ஐஸ் ஹொக்கி. ஈஏ கம்பனியின் என்எச்எல் 07 என்ற ஹொக்கி கேம் 2006 செப்டெம்பரில் வந்தது. கன்ட்ரோலரின் வலப்பக்கக் குமிழை அசைத்தால் திரையில் ஆட்டக்காரனின் மட்டை கூடவே அசையும் முறை அதில்தான் அறிமுகமானது, அதுவும் எக்ஸ்பொக்ஸ் 360 இல் மட்டும். பிளேஸ்டேஷன் 3-க்கு ஈஏயின் ஹொக்கி வர 2007 வரை, என்எச்எல் 08 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2கே கம்பனியின் ஹொக்கி இருந்ததே என்று ஒருவர் சொல்வார். இருந்தது, பெடியன்கள் அதைக் கேட்கவில்லை. ஒருவன் எக்ஸ்பொக்ஸில் ஒன்லைன் ஆட்டம் தொடங்கினால் அவனுடைய ஹொக்கி டீம் முழுக்க அதற்கே போகும். பிளேஸ்டேஷன் வாங்கிய ஒருவன் மட்டும் தனியே நிற்பான். அந்தக் கேமை வன்கூவருக்குப் பக்கத்தில் பர்னபியில்தான் செய்கிறார்கள் என்பதை நான் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வேன். ஒருவரும் அதற்காக வாங்கவில்லை, அது வேறு கதை.

விலைக்கு வருகிறேன். 2007 செப்டெம்பரில் கனேடிய டொலர் அமெரிக்க டொலருக்குச் சமமாக வந்து, நவம்பரில் அதையும் தாண்டிப் போனது. அமெரிக்காவில் 250-க்கு வந்த வீ இங்கே 280-க்கு வந்த சாமான். டொலர் சமமானதும் அந்த 30 டொலர் எல்லார் கண்ணையும் குத்தியது. எல்லை தாண்டினால் பஃபலோ, ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். போகிறவர்கள் போனார்கள், போகாதவர்கள் என்னோடு சண்டை பிடித்தார்கள், விலையை நான் வைத்ததுபோல. அங்கே வாங்கிய கேமை எங்கள் கடையில் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு. உறையில் பிரெஞ்சு இல்லையென்றால் ஆள் பிடிபட்டுவிடுவார். கனடாவில் விற்கும் பெட்டியில் இரண்டு மொழியும் இருக்கும். இப்படி எல்லை தாண்டும் காசை மறிக்கத்தான் இங்குள்ள கடைகளும் பிற்பாடு அமெரிக்காவின் நவம்பர் மலிவு விற்பனையான பிளாக் ஃபிரைடேயைப் பிடித்துக்கொண்டன. அதுவரைக்கும் எங்களுக்கு மலிவு விற்பனைத் திருவிழா டிசம்பர் 26, பொக்சிங் டே.

விளம்பரம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் கியூபெக்கை, மொன்றியல் இருக்கும் பிரெஞ்சு மாகாணத்தை, காட்டுவேன். அங்கே 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்வது 1980 முதல் சட்டப்படி தடை. இர்வின் டோய் என்ற விளையாட்டுச் சாமான் கம்பனி வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1989 இல் தோற்றது. என் சித்தியின் பிள்ளைகள் மொன்றியலில் வளர்ந்தவர்கள். பிரெஞ்சு சேனலில் கார்ட்டூன் ஓடும், இடையில் பொம்மையும் வராது கேமும் வராது. அப்படியிருந்தும் வீ வேண்டும் என்று சித்தியின் உயிரை எடுத்தார்கள். மொன்றியலில் அமெரிக்க எல்லைச் சேனல்கள் எடுபடுமே, கியூபெக் சட்டம் அவற்றைத் தொடாதே என்று ஒருவர் உடனே வருவார். சரிதான். ஆனால் சித்தி வீட்டில் ரீவி பிரெஞ்சில்தான் ஓட வேண்டும், அது பிள்ளைகள் மொழி படிக்கச் சித்தப்பா போட்ட சட்டம். பிறகு எப்படி ஆசை வந்தது? பக்கத்து வீட்டுப் பெடியன் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் வேறு விதமான கூத்து. ஒரே நிகழ்ச்சி அமெரிக்கச் சேனலிலும் கனேடியச் சேனலிலும் ஒரே நேரத்தில் போனால், கேபிள்காரர் அமெரிக்கச் சேனலிலும் கனேடிய ஒளிபரப்பையே ஓடவிடுவார், கனேடிய விளம்பரத்தோடு. 1970களில் இருந்து இருக்கும் ஏற்பாடு இது. அதனால் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் போட்டிக்கென்று அமெரிக்கக் கம்பனிகள் கோடிக்கணக்கில் கொட்டி எடுக்கும் விளம்பரங்கள் இங்கே ரீவியில் வராது. 2017 இல் கனேடிய ஒளிபரப்பு ஆணையம் சூப்பர் போலுக்கு மட்டும் இந்த மாற்று வேலையை நிறுத்தி வைத்தது. அதே வருடம்தான் நின்டெண்டோ தன் புதுக் கன்சோலான ஸ்விட்சுக்கு சூப்பர் போலில் விளம்பரம் போட்டது. இங்கிருந்து அமெரிக்கச் சேனலில் பார்த்தவர்களுக்கும் அது கிடைத்தது. மார்ச் 3 அன்று ஸ்விட்ச் கடைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒருவரும் அந்த விளம்பரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. கூடவே வந்த செல்டா கேம் எப்படி, எந்தக் கடையில் ஸ்விட்ச் மிச்சம் இருக்கிறது, இதுதான் கதை. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் அந்த முடிவைத் தள்ளிவிட, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் வானொலியும் இதில் கணக்கிலேயே இல்லை. அங்கே வீடு விற்கிறவர், கடன் எடுத்துக் கொடுக்கிறவர், விபத்து வழக்கு வக்கீல், திரும்பவும் வீடு விற்கிறவர். கன்சோல் விளம்பரம் ஒன்றைக்கூட நான் அதில் கண்டதில்லை. ஆனால் நான் விற்ற கன்சோல்களில் நல்ல பங்கு தமிழ் வீடுகளுக்குத்தான் போனது.

சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கடையில் நாங்கள் எத்தனை கன்சோல் விற்றோம் என்று மனேஜர் கேட்கவே மாட்டார். எத்தனை நீட்டிப்பு வாரன்டி விற்றோம் என்பதுதான் கணக்கு. வாரன்டி விற்காதவனுக்கு அடுத்த கிழமை வேலை நேரம் குறையும். 2007 ஜூலையில் எக்ஸ்பொக்ஸ் 360 இன் சிவப்பு வளையக் கோளாறுக்கு (முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்து கன்சோல் செத்துப்போகும்) மைக்ரோசொஃப்டே வாரன்டியை மூன்று வருடமாக நீட்டிவிட்டது. அதற்குப் பிறகும் அதே கோளாறைச் சொல்லிப் பயமுறுத்தி வாரன்டி விற்கச் சொன்னார்கள். எங்கள் ஆக்கள் "தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட வருவார்கள். நான் தமிழில் மெல்ல "வேண்டாம் அண்ணை" என்பேன். என் பெயருக்கு நேரே பூச்சியம் விழும்.

சரி, இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி. உங்கள் வீட்டிலும் ஒருவன் நச்சரிக்கிறான் என்று நினைத்தே சொல்கிறேன். எது மவுசு என்றால், சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் நின்டெண்டோ, ஹொக்கியும் துப்பாக்கிச் சண்டையும் விளையாடும் வயதில் மற்ற இரண்டில் ஒன்று. அந்த இரண்டில் எது என்பதை அவன் பள்ளிக்கூடம் தீர்மானிக்கும். ஃபோர்ட்நைட் மட்டும்தான் விளையாடுவான் என்றால் எதை வாங்கினாலும் நண்பர்களோடு சேரலாம். முன்பெல்லாம் பொறுத்திருந்தால் கன்சோல் விலை இறங்கும். இப்போது அதை நம்ப வேண்டாம். 2020 நவம்பரில் 630 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 இல் 650 ஆனது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2-உம் 630-க்குத்தான் வந்தது. ஒன்ராறியோவில் அதற்கு மேல் 13 சதவீதம் வரி. நவம்பர் கடைசியில் கேம் ஒன்றைச் சேர்த்துக் கட்டி விற்பார்கள், அப்போது எடுங்கள். காசு கட்டும்போது வாரன்டி வேண்டுமா என்று கவுண்டரில் நிற்கும் பெடியன் இரண்டு மூன்று தரம் கேட்பான். எரிந்து விழாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவன் பெயருக்கு நேரேயும் யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.