யூசர் மாற்ற தனி பட்டன் கீபோர்டு தேவையா?

கேள்வி: பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில் நான், தம்பி, கணக்கெழுதும் பெண் மூவரும் வேலை பார்க்கிறோம். ஒருவர் திறந்து வைத்த கணக்கை இன்னொருவர் மூடிவிடுகிறார். மவுஸும் அடிக்கடி கெட்டுப்போகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில், "யூசர் மாற்ற, லாக் செய்ய தனி பட்டன் உள்ள கீபோர்டு" என்று 3,200 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பட்டன்கள் செய்கிற வேலையை உங்களிடம் இருக்கிற கீபோர்டே செய்யும். விண்டோஸ் என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஆளுக்கொரு அக்கவுண்ட் போடுங்கள். விண்டோஸ் கீயையும் ஆங்கில ஐ (I) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். அதில் அக்கவுண்ட்ஸ், அப்புறம் அதர் யூசர்ஸ். புதிதாகச் சேர்ப்பவர்கள் ஸ்டாண்டர்டு யூசராகவே இருக்கட்டும். எல்லா செட்டிங்கையும் மாற்றக்கூடிய அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உங்களிடம் மட்டும் இருந்தால் போதும்.

இனி எழுந்து போகும்போது விண்டோஸ் கீ + எல். திரை பூட்டிக்கொள்ளும், திறந்த கணக்கு அப்படியே இருக்கும். அடுத்து வருபவர் திரையின் இடது கீழ் மூலையில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் அழுத்தினாலும் லாக், ஸ்விட்ச் யூசர், சைன் அவுட் மூன்றும் வரும். இதில் சைன் அவுட்டை மட்டும் யோசித்துத் தொடுங்கள், அது திறந்திருப்பதையெல்லாம் மூடிவிடும். கணக்கு ஃபைல் உங்கள் டாக்குமென்ட்ஸில் இருந்தால் தம்பியின் அக்கவுண்டில் தெரியாது. எல்லோரும் திறக்கக்கூடிய பப்ளிக் ஃபோல்டரில் வையுங்கள். இன்னொன்று, மற்றவர் லாக் செய்துவிட்டுப் போயிருக்கும்போது கம்ப்யூட்டரை அணைத்தால், "வேறொருவர் இன்னும் பயன்படுத்துகிறார்" என்று விண்டோஸ் எச்சரிக்கும். படிக்காமல் சரி என்று தட்டினால் அவர் சேவ் செய்யாத வேலை போய்விடும்.

மவுஸ் கெட்டாலும் கடையை மூட வேண்டியதில்லை. ஆல்ட் + டேப் அடுத்த ஜன்னலுக்கு மாற்றும். விண்டோஸ் கீ + டி (D) டெஸ்க்டாப்பைக் காட்டும், விண்டோஸ் கீ + ஈ (E) ஃபோல்டர்களைத் திறக்கும். ஃபோல்டருக்குள் ஆல்ட் + மேல் அம்புக்குறி ஒரு படி வெளியே கொண்டுவரும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று: இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேட்கும்போது என்டர் தட்டினால், வலது பக்க நம்பர் பேடே மவுஸாகிவிடும். எண்கள் அம்பை நகர்த்தும், 5 கிளிக் செய்யும்.

அதனால் புதிதாக வாங்குவதென்றால் நம்பர் பேட் உள்ள, வயர் கீபோர்டாகப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். கடல் உப்பைச் சுமந்து கச்சான் காற்று அடிக்கிற ஊரில் விலை உயர்ந்த கீபோர்டும் துருப்பிடிக்கத்தான் செய்யும். துருவையும் தண்ணீர் பட்டதையும் பெரும்பாலான வாரன்டிகள் ஏற்காது. வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடிவைப்பது மலிவான வைத்தியம்.

கேமிங் கீபோர்டு என்று ஏதாவது தள்ளிவிடப் பார்த்தால் கவனம். சிலவற்றில் விளையாட்டுக்காக விண்டோஸ் கீயை முடக்கும் வசதி இருக்கும். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, விண்டோஸ் கீ + எல் அழுத்திப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். "இது இல்லாமல் யூசர் மாற்றவே முடியாது" என்று சொல்லி ஏற்கெனவே விற்றுவிட்டார்கள் என்றால், அந்த பில்லை எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.